இல்லற மேடை: விற்றதை மீண்டும் வாங்கலாமா?

விற்ற பொருளை எண்ணி ஏங்காத இல்லம் அரிது. மகளின் படிப்புக்காக விற்ற காதணி, மழை பொய்த்த ஆண்டில் சந்தைக்கு ஓட்டிச் சென்ற கறவைப் பசு, கடன் தீர்க்கக் கைமாறிய நிலம் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கையில் சிறிது பணம் சேர்ந்தவுடன், அதை மீண்டும் வாங்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது மனித இயல்பு. இன்று முப்பதையும் நாற்பதையும் எட்டியிருக்கும் நம் பிள்ளைகளின் கணக்கில் புதிய பொருள் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சிறு வயதில் ஆசையாய் விளையாடி, பின்னர் விற்றுவிட்ட வீடியோ விளையாட்டே அது.

இதையும் ஒரு பொருட்டாகக் கொண்டு இப்பகுதியில் எழுத வேண்டுமா என்று பெரியோர் சிலர் புன்னகை புரியலாம். ஆனால், அன்பு வாசகர்களே, நிலம் வாங்கும்போது ஊரைக் கூட்டி ஆராய்கிற நாம், ஆசைப்பொருள் ஒன்றை வாங்கும்போது எவரையும் கேட்பதில்லை. இரவில், வீட்டார் உறங்கிய பின், கைப்பேசியின் ஒளியில் அம்முடிவு எடுக்கப்படுகிறது. ஆதலின் அதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துச் சற்றே சிந்திப்பது நலம்.

ஒரு குடும்பத் தலைவரை எண்ணிக்கொள்வோம். வயது நாற்பதை நெருங்குகிறது. அவருடைய பள்ளிப் பருவத்தில், வளைகுடா நாட்டில் பணிபுரிந்த தாய்மாமன் விடுமுறைக்கு வந்தபோது, ‘கேம் பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியையும், ‘போக்கிமான் தங்கம்’ என்னும் விளையாட்டின் கேசட்டையும் கொண்டுவந்தார். அண்ணனும் தம்பியும் முறை வைத்து விளையாடினார்கள். சில ஆண்டுகளில் தந்தை நோயுற்றார். மருந்துச் செலவுக்குப் பணம் போதவில்லை. அண்ணன் கருவியையும் கேசட்டையும் எடுத்துச் சென்று கடையில் விற்றார். தம்பியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தம்பி இசைந்திருப்பான்; ஆயினும் கேட்கவில்லை. பிற்காலத்தில் வீட்டுப் பாகப் பிரிவினையில் மனத்தாங்கல் எழுந்தது. இன்று இருவரும் பேசிக்கொள்வதில்லை. இந்நிலையில் அதே கேசட் இணையத்தில் விற்பனைக்கு வந்திருப்பதை அண்ணன் காண்கிறார். கேட்கும் விலையோ, அன்று அவர் பெற்றதைப் போல் பன்மடங்கு. அடுத்த மாதம் மகளின் பள்ளிக் கட்டணத்தையும் செலுத்தியாக வேண்டும். அவர் வாங்கலாமா?

அவருக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது. அது அவருக்குப் பயன்படாது. நான்கு கேள்விகளை அவர் முன் வைப்போம்.

ஏன் விற்றோம்?

முதற்கண் நோக்க வேண்டியது, அன்று விற்ற காரணம். வறுமையினால் விற்றவர், பொருள் சேர்ந்தபின் மீட்க விரும்புவதில் இழுக்கு ஏதுமில்லை. பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 25 ஆம் அதிகாரம் இதற்கென்றே சட்டம் வகுத்திருக்கிறது. வறுமையுற்று நிலத்தை விற்றவனுக்காக நெருங்கிய உறவினன் அதை மீட்கலாம். உறவினன் இல்லையெனில், தனக்கே வசதி வந்தபோது விற்றவனே மீட்கலாம். எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்று கணக்கிட்டு, எஞ்சிய ஆண்டுகளுக்கு உரிய தொகையைக் கொடுத்தால் போதும். எவரும் மீட்க இயலாமற் போனால், ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியில் நிலம் அவனிடமே திரும்பும். ‘மீட்பு’ என்று நாம் திருவழிபாட்டில் வழங்கும் சொல்லுக்கு இஸ்ரயேலரின் வாழ்வில் இத்தகைய பொருளும் இருந்தது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அச்சட்டத்தில் விலையை நிறுவியது விளைச்சலின் கணக்கு. இன்றைய சந்தையில் விலையை ஏற்றுவது வாங்குவோரின் ஏக்கம். 2021 ஆம் ஆண்டு ஜூலை மாதம், உறை பிரிக்கப்படாத ‘சூப்பர் மாரியோ 64’ விளையாட்டு ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. அது விளையாடுவதற்காக வாங்கப்பட்ட விலை அன்று. அத்தகைய செய்திகளைக் கேட்டவர்கள், தம் வீட்டுப் பரணில் கிடக்கும் சாதாரணக் கேசட்டுக்கும் பெருவிலை கேட்கலானார்கள்.

வறுமையினால் அன்றி, மனவுறுதியோடு விற்றவர்களும் உண்டு. விளையாட்டு தம் படிப்பையும் உறக்கத்தையும் மாலை செபத்தையும் விழுங்குவதைக் கண்டு, ‘இது இனி வேண்டாம்’ என்று அகற்றியவர்கள் அவர்கள். அவர்கள் தம்மையே கேட்க வேண்டியது இது: அன்று என்னை அடிமைப்படுத்திய அந்தப் பலவீனம் இன்று நீங்கிவிட்டதா? நீங்கியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நீங்கவில்லையெனில், விலை எவ்வளவு மலிவாயினும் வாங்காதிருப்பதே விவேகம்.

இங்கே நமக்கு ஒரு புனிதரின் எடுத்துக்காட்டும் இருக்கிறது. 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ, கார்லோ அக்குத்திஸ் என்னும் இத்தாலிய இளைஞரைப் புனிதராக உயர்த்தினார். 2006 ஆம் ஆண்டு, 15 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்த அவர் கணினியில் வல்லவர். நற்கருணைப் புதுமைகளை இணையத்தில் தொகுத்தவர். வீடியோ விளையாட்டுகளையும் விரும்பியவர். அவர் விளையாட்டை வெறுத்து ஒதுக்கவில்லை. ஆனால் வாரத்திற்கு ஒரு மணி நேரமே அதற்கு என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தோடு நிறுத்தக் கூடியவருக்கு விளையாட்டு பொழுதுபோக்கு. நிறுத்த இயலாதவருக்கு அது எசமான்.

எதை வாங்குகிறோம்?

இரண்டாவது கேள்வி, பொருளைப் பற்றியது. ‘போக்கிமான் தங்கம்’ ஜப்பானில் 1999 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்றது. அதனோடு இணையாக வெளிவந்த ‘வெள்ளி’ப் பதிப்பையும் சேர்த்து, உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேல் விற்பனையாயின. ஆகவே அது கிடைத்தற்கரிய பொருள் அன்று. ‘இன்றே வாங்காவிட்டால் இனிக் கிடைக்காது’ என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அந்தக் கேசட்டினுள் பொத்தான் வடிவில் சிறு மின்கலம் ஒன்று இருக்கிறது. விளையாடியவர் எதுவரை முன்னேறினார், எவற்றைச் சேர்த்தார் என்னும் பதிவைக் காத்து நிற்பது அதுவே. இந்த விளையாட்டில் இரவு பகலைக் காட்டும் கடிகாரம் ஒன்று உண்டு. கருவியை அணைத்த பின்னும் அதை ஓட்டுவதும் அதே மின்கலம். ஆதலின் அது விரைவில் தேய்கிறது. மின்கலம் தீர்ந்தால் பதிவு அழியும். புதியதைப் பொருத்துவதற்காகப் பழையதைக் கழற்றினாலும், முன்னதாகத் தனிக்கருவி கொண்டு நகல் எடுத்து வைக்காவிடில், பதிவு போய்விடும். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கேசட்டை இன்று வாங்குபவர், அதில் வெறுமையைக் காண்பார். அல்லது முன்பின் அறியாத வேறொரு சிறுவனின் பெயரைக் காண்பார். அண்ணனும் தம்பியும் மாறி மாறி முன்னேற்றிய அந்த ஆட்டம் உலகில் எங்கும் இல்லை. அந்தக் கேசட்டில் ஒரே ஒரு பதிவுக்குத்தான் இடம் என்பதால், அது இருவருக்கும் பொதுச் சொத்தாக இருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்வோம்.

போலிகளும் மிகுதி. உண்மையான கேசட்டின் உள்ளே மின்சுற்றுப் பலகையில் உற்பத்தி நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கும். போலிகள் பலவற்றில் பதிவு நிலைக்காது. உட்புறத்தின் படத்தைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதிருப்பது நல்லது.

‘அப்படியானால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நகலை இறக்கிக்கொண்டால் என்ன?’ என்று சிலர் கேட்பர். உரிமையாளர் இசைவின்றிப் பரப்பப்படும் நகலைப் பெறுவது ஏழாம் கட்டளையைத் தொடும் செய்தி. முன்னொரு நாள் நான் வாங்கியதுதானே என்பதும் பொருந்தாது; விற்றபோது நம் உரிமையையும் சேர்த்தே விற்றுவிட்டோம். பழைய கேசட்டை ஒருவர் விற்பதும் மற்றவர் வாங்குவதும் அவ்வாறன்று. ஜப்பானின் உச்ச நீதிமன்றமே 2002 ஆம் ஆண்டு ஏப்ரலில், பயன்படுத்திய விளையாட்டுகளின் மறுவிற்பனை சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது.

பழையதை நாடுவோர்பால் நியாயமும் இல்லாமல் இல்லை. 2023 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 100க்கு 87 இன்று கடைகளில் முறைப்படி கிடைப்பதில்லை என்று கண்டது. ‘போக்கிமான் தங்க’மும் 2017 செப்டம்பரில் ‘நின்டெண்டோ 3டிஎஸ்’ என்னும் கருவிக்கு மின்னணுப் பதிப்பாக வந்தது. 2023 மார்ச் 27 அன்று அக்கருவிக்கான இணையக் கடை விற்பனையை நிறுத்தியதும் அவ்வழி அடைபட்டது. நூல்களையும் பாடல்களையும் போல விளையாட்டும் ஒரு தலைமுறையின் நினைவு. அதைப் போற்ற விரும்புவோரை நகைத்தல் முறையன்று.

யாருடைய பணம்?

மூன்றாவது கேள்வி சற்றே கடினமானது. இல்லறத்தில் ‘என் பணம்’ என்று ஒன்று இல்லை. ‘நம் பணம்’ என்பதே உண்டு. ஆகவே இவ்வாசையை மனைவியிடம் சொல்லிவிட்டே நிறைவேற்ற வேண்டும். அந்த விளையாட்டின் கதையிலேயே ஒரு நல்ல காட்சி இருக்கிறது. பயணம் புறப்படும் சிறுவனின் தாய், அவன் வெல்லும் பணத்தில் ஒரு பகுதியைத் தானே சேமித்து வைக்க முன்வருகிறாள். இடையிடையே அதிலிருந்து அவனுக்குப் பயன்படும் பொருளை வாங்கியும் வைக்கிறாள். கற்பனை உலகில் கூட ஒரு தாய் கணக்கு வைத்திருக்கிறாள் என்றால், நம் இல்லத்துத் தாய்க்குத் தெரியாமல் செலவு செய்தல் தகுமா?

விலையைச் சீர்தூக்க ஓர் எளிய வழி கூறுவோம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்னும் அறிஞர் மூவர் 1990 ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுள் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பைகளைக் கொடுத்து, மற்றவர்களுக்கு விற்கச் சொன்னார்கள். சற்று முன் பெற்ற கோப்பைக்கே விற்போர் கேட்ட விலை, வாங்குவோர் தர இசைந்ததைப் போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. கையில் உள்ள பொருள் அதன் தகுதிக்கு மேல் அரிதாகத் தோன்றும் என்பது இதனால் தெளிவாயிற்று. இதையே உரைகல்லாகக் கொள்ளுங்கள். அந்தக் கேசட் விற்கப்படாமல் இன்றும் உங்கள் அலமாரியில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இன்றைய விலையை ஒருவர் உங்கள் முன் வைத்து அதைக் கேட்கிறார். பள்ளிக் கட்டணத்தை எண்ணி, கொடுத்துவிடுவீர்களா? கொடுத்துவிடுவேன் என்றால், கையில் இருந்தும் அந்த விலைக்கு ஈடாகத் தோன்றாத பொருளை, கையில் இல்லாதபோது அதே விலைக்கு வாங்குவானேன்? கொடுக்க மாட்டேன் என்று அமைதியாகச் சொல்ல முடிந்தால், ஒரு மாதம் பொறுத்திருந்து மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.

யாரோடு விளையாட?

நான்காவது கேள்வியே தலையாயது. மறைவல்லுநரான புனித தோமா அக்குவினார், தமது இறையியல் பெருநூலில் விளையாட்டைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார். அளவோடு விளையாடுவதும் ஒரு நற்பண்பே என்பது அவர் முடிவு. அவ்விடத்தில் நற்செய்தியாளரான புனித அருளப்பரைப் பற்றிய பழைய நிகழ்ச்சி ஒன்றை எடுத்தாளுகிறார். அருளப்பர் தம் சீடரோடு விளையாடுவதைக் கண்டு சிலர் இடறலுற்றனர். அவர்களுள் வில்லேந்திய ஒருவனை அம்பு எய்யச் சொன்னார் அருளப்பர். அவன் பல முறை எய்தான். ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று வினவினார். அப்படிச் செய்தால் வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அத்தகையதே என்று அருளப்பர் விளக்கினாராம். விளையாட்டில் மிகையும் குற்றம், குறையும் குற்றம் என்கிறார் அக்குவினார். தானும் விளையாடாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாய் நிற்பவரை அவர் பாராட்டவில்லை.

அந்நிகழ்ச்சியில் அருளப்பர் தனியே விளையாடவில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் பேசிவரும் விளையாட்டும் தனிமைக்காக மட்டும் அமைந்ததன்று. அதில் சேர்க்கத்தக்க உயிரினங்கள் 251. ஒருவரே ஒரு கேசட்டைக் கொண்டு அவை அனைத்தையும் சேர்த்துவிட முடியாது. சில, தங்கப் பதிப்பில் கிடைக்கும். சில, வெள்ளியில் கிடைக்கும். வேறு சில, இரு கருவிகளைக் கம்பியால் இணைத்து மற்றொருவருக்குக் கொடுத்தால்தான் முழு வளர்ச்சி அடையும். இன்னொரு மனிதர் அருகில் வந்து அமர வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதியாகவே இருக்கிறது.

இப்போது நம் குடும்பத் தலைவரிடம் திரும்புவோம். அவர் உண்மையில் எதைத் தேடுகிறார்? கேசட்டையா? பத்து வயது மகனின் அருகில் அமர்ந்து வாரத்தில் ஒரு மணி நேரம் விளையாட வேண்டும் என்பதற்காகத் தேடுகிறார் என்றால், வசதி இருக்கும்போது, மனைவியின் இசைவோடு, தகுந்த விலைக்கு வாங்கட்டும். அதில் பிழையில்லை. அவருடைய பழைய பதிவு திரும்பாது. மகனோடு புதிய பதிவு ஒன்று தொடங்கும். ஆனால் நள்ளிரவில் தனியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் நெஞ்சில், முறை மாறும்போது கருவியைக் கைநீட்டி வாங்கிய தம்பியின் முகம் தோன்றுகிறது என்றால், அவர் தேடும் பொருள் எந்தக் கடையிலும் இல்லை.

விவிலியத்தில் விற்றதை எண்ணி அழுத அண்ணன் ஒருவன் உண்டு. பசி மிகுந்த நேரத்தில் ஒரு கலயம் பயற்றங்கூழுக்குத் தலைப்பேற்றை விற்றான் எசாயு. பின்னர்க் கண்ணீரோடு தேடியும் அந்த ஆசி அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கதை அத்தோடு முடிந்திருந்தால் அது துயரக் கதையே. ஆனால் ஆண்டுகள் பல கழிந்தபின், அஞ்சி நடுங்கி எதிரே வந்த தம்பி யாக்கோபை நோக்கி எசாயுவே ஓடினான், தழுவிக்கொண்டான், இருவரும் அழுதார்கள். விற்ற தலைப்பேறு திரும்பவில்லை. விலகிப்போன தம்பி திரும்பினான். அந்தச் சந்திப்பில் எசாயு இழந்த பொருளைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பதைத் தொடக்க நூலில் படித்துப் பாருங்கள்.

ஆதலின் நாம் அந்தக் குடும்பத் தலைவருக்குக் கூறக்கூடியது இதுவே: வாங்குவதற்கு முன் தம்பியோடு பேசுங்கள். ‘அன்று உன்னைக் கேளாமல் விற்றுவிட்டேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும். அப்பாவின் மருந்துக்காக என்பது அவருக்கும் தெரியும். ஆயினும் கேட்கவில்லை என்பது அவர் மனத்தில் இருக்கலாம். பாகப் பிரிவினையின் கணக்குகளை முதல் நாளே எடுக்க வேண்டாம். அந்தச் சிறிய பொருளில் தொடங்குங்கள்; பெரியவற்றைப் பேச அது வழிவிடக்கூடும். அவர் சிரித்துக்கொண்டே ‘வாங்கிவிடு அண்ணா, விலையில் பாதி நான் தருகிறேன்’ என்றால், அதைவிட நல்ல மீட்பு வேறென்ன? அவர் பேச மறுத்தாலும் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். காத்திருங்கள், செபியுங்கள், மீண்டும் ஒரு நாள் அழையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகளின் பொருளை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ நேரும்போது, அது நமக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றினாலும், அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள். குடும்பத்தின் இடரைப் பிள்ளைகளிடம் மனம் திறந்து சொன்னால், பெரும்பாலோர் முகம் கோணாமல் கொடுப்பார்கள். கேட்டுப் பெற்றது அவர்கள் நெஞ்சில் தியாகமாக நிற்கும். கேளாமல் எடுத்தது குறையாக நிற்கும்.

இம்மாத ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்து வீடு திரும்பியபின், விற்றுவிட்டோமே என்று இன்றும் எண்ணிக்கொண்டிருக்கும் பொருள் எது என்று குடும்பத்தார் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள். தந்தையின் விடையும் தாயின் விடையும் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். அவற்றுள் மீண்டும் வாங்கத்தக்கவை எவை, மனநிறைவோடு விட்டுவிடத்தக்கவை எவை, அவற்றின் பின்னே நின்று நம் அழைப்புக்காகக் காத்திருக்கும் மனிதர்கள் யாவர் என்பதைச் சேர்ந்தமர்ந்து பேசுங்கள். நம்மை மீட்பதற்குத் தம்மையே விலையாகக் கொடுத்த ஆண்டவர், நல்ல முடிவெடுக்கும் தெளிவை உங்கள் இல்லத்துக்கு அருள்வாராக.